கோப்பு எண் 1602: ஒரு மாத்திரை சென்னையில் வழக்காடிய கதை

1998 ஜூலை 17. சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் பதிவாகிறது. எண் 1602/எம்ஏஎஸ்/98. எம்ஏஎஸ் என்றால் மெட்ராஸ். ஊருக்குச் சென்னை என்று பெயர் மாறி இரண்டு வருஷம் ஆகியும் கோப்பு பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது. விண்ணப்பித்தது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து நோவார்ட்டிஸ் நிறுவனம். கேட்டது, இமாடினிப் மெசிலேட் என்ற உப்பின் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை.

படித்தாலே கொட்டாவி வருகிற வாக்கியம்தான். ஆனால் அந்தக் கோப்பை மூட 15 வருஷம் பிடித்தது.

இமாடினிப், அதாவது க்ளிவெக், புற்றுநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றிய மாத்திரை. அதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 2001-ல் அமெரிக்காவிலேயே முடித்துவிடுவார்கள். விஞ்ஞானி கண்டுபிடித்தார், நோயாளி எழுந்து நடந்தார், டைம் பத்திரிகை அட்டையில் போட்டது, சுபம். அந்தக் கதைக்கு இரண்டாம் பாதி ஒன்று உண்டு. அதில் முக்கியமான காட்சிகள் நம்ம ஊரில் நடந்தன. செம்பாக்கத்தில் பஸ் ஏறித் தாம்பரம் போய், ஜிஎஸ்டி ரோடு வழியாகக் கிண்டிக்கு வந்தால் இன்றைய காப்புரிமை அலுவலகம். அங்கிருந்து சர்தார் படேல் சாலையில் போனால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இன்னும் வடக்கே பாரிமுனையில் உயர் நீதிமன்றம். எல்லாமே ஒரு நாள் பஸ் பாஸுக்குள் அடங்குகிற தூரம்.

முதல் பாதி தெரியாமல் இரண்டாம் பாதி புரியாது. அதனால் கொஞ்சம் பின்னால் போவோம்.

*

புற்றுநோய்க்கு மருந்து என்றால் ரொம்ப காலம் ஒரே வழிதான் இருந்தது: வேகமாகப் பெருகுகிற செல் எதுவானாலும் அடி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் இருந்தபோது அவருடைய குழு அமினோப்டெரின் என்ற மருந்தை உருவாக்கியது. அதைத்தான் 1947-48-ல் சிட்னி ஃபார்பர் பாஸ்டனில் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். கீமோதெரபியின் தொடக்க அத்தியாயங்களில் ஒன்று அது. ஃபோலிக் அமிலம் கிடைக்காமல் செய்து, செல் இரண்டாகப் பிரிவதைத் தடுப்பதுதான் அதன் வேலை. முடி வேரும் குடலின் உள்சுவரும்கூட வேகமாகப் பெருகும் செல்கள்தான். முடி கொட்டுவதும் வாந்தியும் வாய்ப்புண்ணும் ஏன் வருகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. களையைப் பிடுங்கப் போய்ப் பயிரையும் சேர்த்துப் பிடுங்குகிற வைத்தியம்.

களையை மட்டும் எப்படி அடையாளம் காண்பது? அதற்கு முதலில் ஒரு செல் எப்போது பெருக வேண்டும் என்று எப்படி முடிவெடுக்கிறது என்பது தெரிய வேண்டும்.

1950-களில் ரீட்டா லெவி மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் நரம்பு வளர்வதற்கு உடலே அனுப்பும் ஒரு புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாறைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது கோஹன் இன்னொன்றையும் கவனித்தார். குட்டிகள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கண் திறந்தன. அந்தச் சாறில் தோல் செல்களை வளரச் சொல்கிற வேறொரு புரதமும் இருந்தது. இவைதான் வளர்ச்சிக் காரணிகள். 1986-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வளர்ச்சிக் காரணி செல்லுக்குள் நுழைவதில்லை. செல்லின் மேல் நிற்கும் ஏற்பி என்ற புரதத்தில் வந்து உட்காரும். ஏற்பியின் மறுமுனை செல்லுக்குள் இருக்கிறது. அது விழித்துக்கொண்டு அடுத்த புரதத்தைத் தட்டும், அது அதற்கடுத்ததைத் தட்டும், இப்படிச் செய்தி உட்கரு வரைக்கும் போய்ச் சேரும். புறநகர் ரயில் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். குரோம்பேட்டையில் பச்சை விழுந்தால்தான் பல்லாவரத்துக்கு வண்டி நகரும். இந்தத் தட்டும் வேலையைச் செய்கிற புரதங்களில் முக்கியமான ஒரு வகைக்கு டைரோசின் கைனேஸ் என்று பெயர். ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து அடுத்த புரதத்தில் ஒட்டும். ஒட்டினால் பச்சை. எடுத்துவிட்டால் சிவப்பு. அவ்வளவுதான்.

1979-ல் டோனி ஹன்டர் இந்த டைரோசின் ஒட்டலைக் கண்டுபிடித்ததற்கே ஒரு சோம்பல்தான் காரணம். புதிய கரைசல் தயாரிக்காமல் பழையதையே அவர் திரும்பத் திரும்பப் பயன்படுத்த, அதன் அமிலத்தன்மை லேசாக மாறியிருந்தது. அந்த மாற்றத்தால்தான் அதுவரை ஒன்றாகத் தெரிந்த இரண்டு புள்ளிகள் தனித்தனியாகப் பிரிந்தன. 1983, 84-ல் இன்னொரு உண்மை வந்தது. புற்றுநோய் உண்டாக்கும் சில வைரஸ் மரபணுக்களைப் படித்துப் பார்த்தால், ஒன்று வளர்ச்சிக் காரணியின் நகல், இன்னொன்று வளர்ச்சிக் காரணி ஏற்பியின் வெட்டுப்பட்ட நகல். அதாவது புற்றுநோய் என்பது வெளியே இருந்து வந்த புது மொழி கிடையாது. வளரச் சொல்லி உடல் அனுப்பும் அதே சிக்னல், பச்சையிலேயே சிக்கிக்கொண்டது.

அப்படியானால் அந்த ஒரு சிக்னலை மட்டும் சிவப்பாக்கினால் போதுமே?

*

பச்சையிலேயே சிக்கிக்கொண்ட சிக்னலுக்குத் தெளிவான உதாரணம் நாள்பட்ட மைலாய்ட் ரத்தப் புற்றுநோய், சுருக்கமாக சிஎம்எல். 1960-ல் பிலடெல்பியாவில் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் இந்த நோயாளிகளின் ரத்த செல்களில் ஒரு குட்டையான குரோமோசோமைப் பார்த்தார்கள். அது ஏன் குட்டை என்பது 1973-ல் ஜேனட் ரௌலிக்குப் பிடிபட்டது. குரோமோசோம் படங்களை வெட்டிச் சாப்பாட்டு மேசையில் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தவர் அவர். அம்மா காகித பொம்மை விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம். 9-ம் எண் குரோமோசோமும் 22-ம் எண் குரோமோசோமும் நுனிகளை மாற்றிக்கொண்டிருந்தன. அந்த ஒட்டுப்போட்ட இடத்தில் பிறப்பதுதான் பிசிஆர்-ஏபிஎல் என்ற புரதம். அதுவும் ஒரு டைரோசின் கைனேஸ். வளர்ச்சிக் காரணி வந்து தட்டாமலே ராத்திரி பகலாக 'வளரு, வளரு' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

பாசலில் அப்போது சீபா-கைகி என்றிருந்த நிறுவனத்தில் அலெக்ஸ் மாட்டரும் நிக் லைடனும் கைனேஸ்களை அடைக்கும் மருந்துகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முக்கியமாகக் குறிவைத்தது ரத்தத் தட்டணுக்களிலிருந்து வரும் பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பியை. வேதியியலாளர் யூர்க் சிம்மர்மன் செதுக்கிச் செதுக்கி உருவாக்கிய மூலக்கூறு, ஏடிபி உட்காரும் குழியில் போய் உட்கார்ந்து வழியை அடைத்தது. பிடிஜிஎஃப் ஏற்பியை மட்டுமல்ல, ஏபிஎல்லையும் அடைத்தது. பிரையன் ட்ரூக்கர் என்ற மருத்துவர் சிஎம்எல் செல்களின் மேல் அதைச் சோதித்துப் பார்த்தார். நோய் செல்கள் செத்தன, மற்றவை பிழைத்தன. 1996-ல் அந்த முடிவு வெளியானது. அதே வருஷம் சீபா-கைகியும் சாண்டோஸும் இணைந்து நோவார்ட்டிஸ் ஆவதாக அறிவித்தன.

நிறுவனத்துக்கு ஆரம்பத்தில் பெரிய ஆர்வம் இல்லை. சிஎம்எல் அபூர்வ நோய், சந்தை சின்னது என்று கணக்குப் போட்டார்கள். ட்ரூக்கர் விடாமல் நச்சரித்தார். 1998 ஜூனில் முதல் நோயாளிக்கு மாத்திரை கொடுக்கப்பட்டது. சென்னையில் கோப்பு 1602 பதிவானது அதற்கு அடுத்த மாதம். நல்ல சேதி பரவியதும், மருந்து போதவில்லை என்று 1999-ல் நோயாளிகளே இணையத்தில் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். 2001-ல் வெளியான முடிவுகளின்படி, நோயின் ஆரம்பக் கட்டத்தில் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சகஜ நிலைக்குத் திரும்பியது. 2001 மே 10 அன்று அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. வாழ்க்கை முழுக்க தினமும் ஒரு மாத்திரை. சர்க்கரை வியாதிக்காரர் மாதிரி வேலைக்குப் போகலாம், கல்யாணம் பண்ணலாம், பேரன் பேத்தி பார்க்கலாம்.

இந்தியாவில் அதன் விலை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய்.

*

விலைக்கும் காப்புரிமைக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள இன்னொரு பழைய கோப்பைத் திறக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்கார் 1959-ல் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். வெள்ளைக்காரன் காலத்துக் காப்புரிமைச் சட்டத்தால் யாருக்கு லாபம் என்று பார்த்த அறிக்கை. இந்தியாவில் கொடுக்கப்பட்ட காப்புரிமைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டவர் கையில் இருந்தன, அவற்றைக் கொண்டு இங்கே எதுவும் தயாரிக்கப்படவும் இல்லை என்று அவர் எண்ணிக்கையோடு காட்டினார். 1970-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் அந்த அறிக்கையின் மேல் எழுந்தது. மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டும் உண்டு. வேறு முறையில் செய்தால் யாரும் தடுக்க முடியாது. இந்திய மருந்துக் கம்பெனிகள் தலையெடுத்தது இந்த வாசல் வழியாகத்தான்.

அந்த வாசலால் என்ன கிடைத்தது என்பதைத் தாம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1928-ல் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம், 1990-களில் எச்ஐவி நோயாளிகள் நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் வந்து சேர்கிற இடமாகியிருந்தது. வெளிநாட்டில் ஆளுக்கு வருஷம் 10,000 டாலருக்கு மேல் ஆன கூட்டு மருந்தை, 2001-ல் சிப்லா 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசமாக அந்த மருந்தைக் கொடுக்கத் தொடங்கியபோது முதல் மையங்களில் ஒன்று தாம்பரம் சானடோரியம். செம்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரம். சாகத்தான் அங்கே அனுப்புவார்கள் என்று பேசப்பட்ட இடத்திலிருந்து ஆட்கள் மாத்திரையோடு வீட்டுக்குத் திரும்ப ஆரம்பித்தார்கள்.

ஆனால் வாசல் அப்போதே மூடிக்கொண்டிருந்தது. 1995-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த இந்தியா, 2005-க்குள் மருந்துகளுக்கும் காப்புரிமை கொடுத்தாக வேண்டும். அதுவரை வரும் விண்ணப்பங்களை ஒரு பெட்டியில் போட்டு வைக்க வேண்டும். கோப்பு 1602 அந்தப் பெட்டியில்தான் காத்திருந்தது. நடுவில் 2003 நவம்பரில் நோவார்ட்டிஸுக்கு இந்தியாவில் தனி விற்பனை உரிமை கிடைத்தது. 2004 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சில இந்தியக் கம்பெனிகளுக்கு இடைக்காலத் தடையும் போட்டது. அவர்களுடைய இமாடினிப் மாதத்துக்குச் சுமார் 8,000 முதல் 12,000 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது.

நோவார்ட்டிஸ் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அது மேக்ஸ் அறக்கட்டளை மூலமாக இந்தியாவில் பல ஆயிரம் பேருக்கு க்ளிவெக்கை இலவசமாகவே கொடுத்தது. அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால் இலவசம் என்பது கொடுப்பவர் வகுக்கும் விதிக்கு உட்பட்டது. அந்த விதிக்குள் வராதவர் என்ன செய்வார்? மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் இந்தக் காப்புரிமையை எதிர்த்து மனு போட்டதன் பின்னால் இந்தக் கேள்வி இருந்தது. நாட்கோ, சிப்லா போன்ற கம்பெனிகளும் எதிர்த்தன. அவர்களுக்குச் சொந்த லாபக் கணக்கும் இருந்தது.

*

2005-ல் நாடாளுமன்றம் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது 3(டி) என்ற பிரிவைப் புதுப்பித்து எழுதியது. ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புது வடிவம், அந்தப் பொருளின் பயன்திறனைக் கூட்டினால் ஒழியக் கண்டுபிடிப்பு ஆகாது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'எஃபிகசி'. பதினைந்து வருஷ வழக்கின் பிற்பாதி முழுக்க இந்த ஒரு சொல்லைச் சுற்றியே ஓடியது.

2006 ஜனவரி 25 அன்று சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. இமாடினிப் ஏற்கெனவே சிம்மர்மன் காப்புரிமைகளில் தெரிந்த பொருள். பீட்டா படிகம் அதன் இன்னொரு வடிவம். உடம்பில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்று கம்பெனி காட்டியது போதாது என்பது முடிவு. நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 3(டி) பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம், 'பயன்திறன்' என்றால் என்ன என்று சட்டம் சொல்லவில்லை, அதிகாரி இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ணலாம் என்பது அவர்கள் வாதம்.

2007 ஆகஸ்ட் 6. நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் தீர்ப்புச் சொன்னார்கள். அவர்கள் செய்த காரியம் இலக்கிய வாசகர்களுக்குப் பிடிக்கும்: அகராதியைத் திறந்தார்கள். டார்லண்ட் மருத்துவ அகராதி என்ன சொல்கிறது? மருந்தியலில் அந்தச் சொல்லுக்கு, நோயைக் குணமாக்கும் விளைவை உண்டாக்கும் திறன் என்று பொருள். ஆக, பொருள் தெளிவில்லாத சொல் அல்ல அது. மருந்து நன்றாகக் கரைகிறதா, பல வருஷம் கெடாமல் இருக்கிறதா என்பதெல்லாம் மருந்து செய்பவர் கவலை. படுக்கையில் இருப்பவருக்கு என்ன கூடுதலாகக் கிடைத்தது என்பதுதான் கேள்வி. மனு தள்ளுபடி ஆனது.

அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2009-லும், உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்றும் காப்புரிமையை மறுத்தன. நீதிபதிகள் அஃப்தாப் ஆலமும் ரஞ்சனா தேசாயும் வழங்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அய்யங்காரின் 1959 அறிக்கை வழியாக வரலாற்றைச் சொல்லி, மருந்து விஷயத்தில் பயன்திறன் என்றால் குணமாக்கும் திறன்தான் என்ற இடத்தில் வந்து நின்றது. சென்னையில் அகராதியைத் திறந்தபோது கிடைத்த அதே பொருள்.

அதற்கு நாலு வாரம் முன்னால் சென்னையில் இன்னொரு தீர்ப்பு. சொராஃபெனிப், சிறுநீரகப் புற்றுக்கும் கல்லீரல் புற்றுக்குமான மாத்திரை. இதுவும் வளர்ச்சிக் காரணி ஏற்பிகளை அடைப்பதுதான். பேயர் நிறுவனத்தின் விலை மாதம் 2,80,428 ரூபாய். 2012 மார்ச்சில் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் நாட்கோவுக்குக் கட்டாய உரிமம் கொடுத்து, விலையை 8,880 ரூபாய் என்று வைத்தார். மருந்துக்கு இந்தியாவில் இப்படி உரிமம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. பேயர் தேனாம்பேட்டையில் இருந்த மேல்முறையீட்டு வாரியத்துக்கு வந்தது. வாரியத்தின் தலைவர் இப்போது பிரபா ஸ்ரீதேவன். 2013 மார்ச் 4 அன்று உரிமம் செல்லும் என்றார். பேயருக்குத் தர வேண்டிய பங்கை 6 சதவீதத்திலிருந்து 7 ஆக்கினார். பணி ஓய்வுக்குப் பிறகு அவர் ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஒரு சொல்லுக்கு இந்த இடத்தில் என்ன பொருள் என்று தேடுகிறவருக்கு இரண்டும் அவ்வளவு தூரத்து வேலைகள் இல்லை.

*

இப்படி விலையைக் குறைத்தால் புது மருந்து யார் கண்டுபிடிப்பார் என்ற கேள்வி அன்றும் வந்தது, இன்றும் வருகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் க்ளிவெக் கதையே அதற்குப் பாதி பதில். குட்டைக் குரோமோசோமும், ரௌலியின் சாப்பாட்டு மேசையும், ஹன்டரின் பழைய கரைசலும் கம்பெனிப் பணத்தில் வந்தவை அல்ல. மீதிப் பாதிக்கு, அதாவது சிம்மர்மன் மூலக்கூறைச் செதுக்கிய உழைப்புக்கு, உலகின் மற்ற நாடுகள் தாராளமாகவே விலை கொடுத்தன. அமெரிக்காவில் 2001-ல் வருஷத்துக்குச் சுமார் 30,000 டாலராக இருந்த க்ளிவெக், 2012-ல் 92,000 டாலரைத் தொட்டது. டெல்லித் தீர்ப்பு வந்த அதே ஏப்ரலில், உலகம் முழுவதிலிருந்தும் நூற்றுக்கும் மேற்பட்ட சிஎம்எல் மருத்துவர்கள் சேர்ந்து, இந்த விலைகள் தாங்காது என்று ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். 2015-ல் உலக சுகாதார நிறுவனம் இமாடினிப்பை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இந்தியப் பட்டியலில் அது 2011-லேயே வந்துவிட்டது.

சரி, விலை இறங்கியது. அத்தோடு முடிந்ததா? இல்லை என்று சொன்னது அடையாறு. முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்திலிருந்து எழுப்பிய மருத்துவமனை அது. 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அடுத்த வருஷம் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் இறக்கும் வரை அதை விட்டு நகரவில்லை. அங்கே இமாடினிப் எடுத்துவந்த 500-க்கும் மேற்பட்ட சிஎம்எல் நோயாளிகளின் கணக்கை மருத்துவர்கள் 2011-ல் வெளியிட்டார்கள். 10 பேரில் சுமார் 3 பேர் ஏதோ ஒரு கட்டத்தில், மருத்துவர் சொல்லாமலே, ஒரு வாரத்துக்கு மேல் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். ஐந்து வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், விடாமல் எடுத்தவர்களில் 100-க்குச் சுமார் 77 பேர். விட்டுவிட்டு எடுத்தவர்களில் சுமார் 60.

இமாடினிப் நோயை வேரோடு பிடுங்குவதில்லை. ஏடிபியின் குழியில் உட்கார்ந்து வழியை மறிக்கிறது, அவ்வளவே. மறிக்கிறவர் எழுந்து போனால் பச்சை மறுபடி விழும். இந்தியாவில் இந்த நோய் பெரும்பாலும் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்களைப் பிடிக்கிறது. மேலை நாடுகளில் அறுபதைத் தாண்டியவர்களை. அதாவது இங்கே நோயாளி என்பவர் வேலைக்குப் போகிற ஆள், ஸ்கூல் பிள்ளைக்கு அம்மா. உடம்பு நன்றாக இருக்கும்போது, வலி எதுவும் இல்லாதபோது, இன்னும் முப்பது நாற்பது வருஷம் தினமும் ஒரு மாத்திரையை விழுங்க வேண்டும். மாதாமாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டும்.

கோப்பு 1602 மூடியாகிவிட்டது. அந்தச் சொல்லுக்கு நீதிமன்றம் கண்ட பொருளை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும். மருந்தின் பயன் படிகத்தில் இல்லை, படுக்கையில் இருப்பவரிடம் இருக்கிறது என்றால், அடுத்த மாத அட்டை தீர்வதற்குள் புது அட்டை அவர் கையில் கிடைக்கிறதா என்பதும் பயன்திறனில் சேர்ந்ததுதான்.